இரைச்சல் எங்கே நிற்கிறது?

சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, ஏப்ரல் 14 வாக்கில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் அலைவரிசையைக் கேட்டுப் பாருங்கள். காலையில் தெளிவாக வந்த தொலைதூரக் குரல்கள் தேய்ந்து, சில முழுக்கவே அடங்கிப் போயிருக்கும். நாற்பது ஐம்பது வயதான டிரான்சீவரை வைத்துக்கொண்டிருக்கும் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர் ஒருவருக்கு முதலில் வரும் சந்தேகம், ரிசீவர் கெட்டுவிட்டது என்பதுதான். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார். பல நாட்களில் அந்த மூடியைக் கழற்ற வேண்டிய தேவையே இருக்காது.

சூரியனின் எக்ஸ் கதிர்களும் புறஊதாக் கதிர்களும் மேல்வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. இப்படி உருவாகும் அயனி மண்டலத்தில் கீழே இருப்பது டி அடுக்கு, சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், வானொலி அலை ஆட்டிவைக்கும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடுகின்றன. அதிர்வெண் பாதியானால் டெசிபெல் கணக்கில் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால்தான் 14 மெகாஹெர்ட்ஸ் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 7இல் கூட்டம் கலைந்துவிடுகிறது. சூரியன் உச்சியில் நிற்கும் நாளில் இது இன்னும் கடுமை.

இந்தப் பகுதி வானத்துக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட கேரளத்தின் தும்பா, அந்தக் கோட்டுக்கு அருகே இருப்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இதே காரணத்துக்காக ஓர் ஆய்வகம் நடத்துகிறது. பகலில் இங்கே கிழக்கு நோக்கிய மின்புலம் அயனி மண்டலத்தின் எலக்ட்ரான்களை மேலே தூக்கி, காந்தக் கோடுகள் வழியாக வடக்கும் தெற்குமாக வழியவிடுகிறது. நண்பகலில் நம் தலைக்கு மேல், அலைகளைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு கொஞ்சம் மெலிந்து போகிறது. சூரியன் மறைந்த பின் அதே அடுக்கு வேகமாக மேலேறி, அதன் அடிப்பகுதியில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்புகின்றன. பங்குனி, புரட்டாசி மாதங்களை ஒட்டி இது அதிகம். அந்த இரவுகளில் தொலைதூரக் குரல் படபடவென்று நடுங்கிக்கொண்டு வரும். ஆசிலேட்டர் ஆடுகிறது என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. ஆடுவது வானம்.

ஆக, கேட்காத ரிசீவரின் முன்னால் உட்காரும்போது எழும் முதல் கேள்வி, குறை எங்கே இருக்கிறது என்பது. வானத்திலா, கூரைமேல் கட்டிய கம்பியிலா, வீட்டைச் சுற்றியுள்ள மின்கருவிகளிலா, பெட்டிக்குள்ளா? இதைப் பிரிக்க ராஜபாளையத்து ஹாமுக்கு நல்ல வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் திரும்பி வரும் அலைக்கு இந்த இரண்டு ஊரும் ஒரே புள்ளி. "அண்ணே, 7100ல யாராச்சும் கேக்குறாங்களா?" என்று கைபேசியில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அங்கேயும் கேட்கவில்லை என்றால் மாலைவரை பொறுத்திருக்கலாம். அங்கே கணீரென்று கேட்கிறது, இங்கே இல்லை என்றால் வானத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் வரலாம்.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பெட்டியின் பின்னாலிருந்து ஆண்டெனா பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி செருக வேண்டும். இரைச்சல் எழுகிறதா என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான், ஆனால் பின்னால் இருக்கும் இயற்பியல் ஆழமானது.

எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைபாய்கின்றன. அந்த அலைபாய்தலே ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கினார், இருவரின் கட்டுரைகளும் 1928இல் வந்தன. எவ்வளவு நல்ல ரிசீவரும் இந்த வெப்ப இரைச்சலுக்குக் கீழே இறங்க முடியாது. அதே பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கி, 20.5 மெகாஹெர்ட்ஸில் குறுக்கீடுகளை ஆராய்ந்தபோது, வானத்தின் ஒரு திசையிலிருந்து மங்கலான இரைச்சல் ஒன்று வருவதைக் கண்டார். அது பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். 7 மெகாஹெர்ட்ஸில் பால்வீதியின் இரைச்சலோடு, வெப்பமண்டலத்தில் எங்கெங்கோ வெட்டும் மின்னல்களின் இரைச்சலும், மனிதர் கருவிகளின் இரைச்சலும் சேர்ந்துகொள்கின்றன. அமைதியான கிராமப்புறத்தில்கூட இந்த மொத்தம், வெப்ப இரைச்சலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையானது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். 7 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவைச் செருகியதும் இரைச்சல் எழும்பியே ஆக வேண்டும். யாருமே பேசாவிட்டாலும், அயனி மண்டலம் எப்படி இருந்தாலும் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கேபிளுக்குள் மழைநீர் இறங்கியிருக்கிறது, அல்லது பெட்டி செவிடாகியிருக்கிறது. கம்பியா பெட்டியா என்று பார்க்க, ஆண்டெனா துளையின் நடுவே இரண்டு மூன்று மீட்டர் ஒயரைச் செருகினால் போதும். ஒயருக்கு இரைச்சல் எழும்பினால் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியதுதான். ஸ்டேஷன் வரவில்லை என்பதைவிட இரைச்சல் வரவில்லை என்பது பலமான சாட்சி, ஏனென்றால் ஸ்டேஷன் ஓய்வெடுக்கும், இரைச்சல் ஓய்வெடுக்காது.

பெட்டிதான் என்று முடிவான பின், உள்ளே அலை நடக்கும் பாதையை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். 1970களில் உலகெங்கும் புகழ்பெற்ற ஜப்பானிய யாயெசு எஃப்டி-101இ பெட்டியை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் பக்கத்தின் கடைசிக் கட்டங்களில் மட்டும் வால்வு, மற்ற எல்லாமே டிரான்சிஸ்டர். சர்க்யூட் அட்டைகளைத் தனித்தனியாகச் சொருகி எடுக்கலாம். இதில் 7.1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வருகிறது என்று வையுங்கள். முதலில் அதை வலுப்படுத்தும் கட்டம். பிறகு 13.02 மெகாஹெர்ட்ஸ் படிக ஆசிலேட்டரோடு அது கலக்கப்படுகிறது; வித்தியாசம் 5.92. அடுத்து, நாம் திருப்பும் பெரிய குமிழின் ஆசிலேட்டர், இப்போது 9.10இல் நிற்கும், அதிலிருந்து 5.92ஐக் கழித்தால் 3.18. நீங்கள் எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த 3.18 மெகாஹெர்ட்ஸில்தான். அங்கே ஒரு படிக வடிகட்டி சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் உள்ளே விடுகிறது. பிறகு குரலாகப் பிரித்தெடுப்பு, ஒலிபெருக்கம், ஸ்பீக்கர்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு மௌனம்தான். ஆனால் ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு தனி முகம் உண்டு. வால்யூமை முழுக்கத் திருப்பியும் ஸ்பீக்கரில் சின்ன 'உஸ்' கூட இல்லை என்றால் குறை கடைசிப் பகுதியில். முதலில் ஹெட்போன் துளையைப் பாருங்கள். பிளக் செருகியதும் ஸ்பீக்கரைத் துண்டிக்க அதற்குள் ஒரு சிறிய தகடு இருக்கும். அது அழுக்கேறினால் ஹெட்போன் இல்லாமலே ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டுவிடும். ஒரு பிளக்கை நாலைந்து தடவை செருகி எடுத்தாலே குணமாகிவிடும் கோளாறு இது. இதைப் பார்க்காமல் ஒலிபெருக்கி ஐசியைக் கழற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஐம்பது வருடப் பழைய அட்டையில் ஈயம் உருக்கும்போது செம்புத் தடம் உரிந்து வந்துவிடும், அதன்பின் கோளாறு இரண்டாகிவிடும்.

'உஸ்' இருக்கிறது, சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் மட்டும் ஆண்டெனா இல்லாமலே மேலே ஏறி நிற்கிறது என்றால், பெட்டி செவிடாகவில்லை, தன் காதைத் தானே பொத்திக்கொண்டிருக்கிறது. பலமான சிக்னல் வரும்போது வலுப்பெருக்கத்தைக் குறைக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டின் மின்னழுத்தம் எங்கோ சிக்கிக்கொண்டது, அல்லது ஆர்எஃப் கெயின் குமிழின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. முள் ஸ்டேஷனுக்கு ஏற்ப ஆடுகிறது, குரல் மட்டும் இல்லை என்றால் 3.18 வரை எல்லாம் நலம்.

ஒரு பேண்டு மட்டும் இறந்திருந்தால் அந்தப் பேண்டின் படிகம், சுருள், சுவிட்ச். எல்லாப் பேண்டும் இறந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம். இப்படிப் பிரிக்கப் பெட்டியே ஓர் உதவியாளரைத் தருகிறது: 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அடையாளச் சிக்னல் எழுப்பும் காலிபிரேட்டர். அதைப் போட்டதும் 7.0, 7.1, 7.2இல் விசில் கேட்டால் ரிசீவரின் பெரும்பகுதி உயிரோடிருக்கிறது. சந்தேகம் ஆண்டெனா துளைக்கும் முதல் கட்டத்துக்கும் இடையே சுருங்கிவிடும். விசில் இல்லையென்றால் பாதையின் நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். ஒலிக் கட்டத்தின் நுழைவாயிலில் சிக்னல் கொடுத்துப் பார்ப்பது, பிறகு 3.18இல், பிறகு 5.92இல் என்று ஸ்பீக்கரிலிருந்து ஆண்டெனா நோக்கிப் பின்னால் நடப்பது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழி. நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். முன்னாலிருந்து தேடினால் கேட்கும் காது இருக்கிறதா என்றே தெரியாமல் தேட வேண்டியிருக்கும்.

ஆசிலேட்டர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சிற்றலை வாங்கும் ரேடியோ ஒன்றை மூடி திறந்த பெட்டியின் பக்கத்தில் வைத்து 9.1 மெகாஹெர்ட்ஸ் அருகே மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் சரசரப்பு சட்டென்று அடங்கும். அங்கே பேச்சில்லாத ஒரு வெற்று அலை நிற்கிறது. இந்தப் பக்கம் பெட்டியின் பெரிய குமிழை அசைத்தால் அந்த அமைதியும் இடம் மாறும். மாறினால் ஆசிலேட்டர் நலம். அதேபோல் 13.02இலும் தேடலாம். தேட வேண்டிய இடம் கணக்கிலேயே தெரிந்துவிடுவதால்தான் பேண்டு கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது பாதி ரிப்பேர் என்கிறேன்.

மூடி திறந்திருக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பெட்டியின் அனுப்பும் வால்வுகளுக்குச் சுமார் 600 வோல்ட் தேவை. சுவிட்சை அணைத்து வயரை உருவிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அந்த அழுத்தத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். சில நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரில் அளந்து, பூஜ்யம் என்று கண்ட பிறகே கை உள்ளே போக வேண்டும்.

இனி, பழைய பெட்டிகளின் கேட்கும் கோளாறுகளில் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. அனுப்புவது ஒழுங்காக இருக்கிறது. கேட்பது மட்டும் சில நாள் நன்றாக, சில நாள் மந்தமாக. மைக்கின் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி விட்டால் சட்டென்று உயிர் வருகிறது. பெட்டியின் மேல் தட்டினாலும் வருகிறது. குற்றவாளி பெரும்பாலும் ஆண்டெனாவை அனுப்பும் பக்கத்துக்கும் கேட்கும் பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் ரிலே.

ரிலேயின் தொடுமுனைகளில் வெள்ளி பூசியிருப்பார்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேல் மெல்லிய சல்ஃபைடு படலத்தை உண்டாக்குகின்றன. கொலுசைக் கறுக்க வைப்பதும் இந்த வினைதான். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அனுப்பும் முனைக்கு அது பொருட்டே இல்லை. 50 ஓம் கேபிளில் 100 வாட் போனால் சுமார் 70 வோல்ட். அந்த அழுத்தம் படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கேட்கும் முனையின் நிலைமை வேறு. மீட்டரில் எஸ்-9 காட்டும் பலமான சிக்னல்கூட 50 மைக்ரோவோல்ட்தான். இரண்டுக்கும் இடையே பதினான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். கேட்கும் முனை தன் வாழ்நாள் முழுவதும் மைக்ரோவோல்ட்டுகளை மட்டுமே பார்க்கிறது. படலத்தை உடைக்கும் அளவுக்கு எதுவும் அதன் வழியாகப் போனதே இல்லை. ரிலே திறந்து மூடும்போது முனைகள் ஒன்றோடொன்று உராய்வதால் படலம் கொஞ்சம் கீறி விலகுகிறது. பொத்தானை அழுத்தினால் உயிர் வருவது இதனால்தான். அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பவரின் பெட்டியில் இந்த நோய் கூடுதலாக வரும்.

இதில் வரலாற்று வியப்பும் இருக்கிறது. 1890இல் பிரான்ஸின் எடுவார் பிரான்லி, கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூள் சாதாரணமாக மின்சாரத்தைத் தடுக்கிறது, அருகில் மின்பொறி பறந்தால் கடத்தத் தொடங்குகிறது, தட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று காட்டினார். தூள்களின் மேலுள்ள ஆக்சைடு படலம் அலையின் மின்னழுத்தத்தில் உடைவதே அதன் அடிப்படை. கொஹிரர் என்று பெயர் பெற்ற அந்தக் குழாய்தான் உலகின் முதல் வானொலி ரிசீவர்களின் காது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இரும்பையும் பாதரசத்தையும் வைத்து அதைவிடக் கூர்மையான ஒன்றைச் செய்து 1899இல் வெளியிட்டார். எந்தப் படலத்தைக் கொண்டு வானொலி கேட்கக் கற்றுக்கொண்டதோ, அதன் உறவுக்காரப் படலமே ஐம்பது வருடப் பெட்டியின் காதை அடைக்கிறது.

மருந்து எளிது, பொறுமை வேண்டும். வழவழப்பான காகிதத் துண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, மூடிய முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுக்க வேண்டும். காகிதத்தில் கருப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பச் செய்யலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. வெள்ளிப் பூச்சு அவ்வளவு மெல்லியது, அது போய்விட்டால் அடியிலிருக்கும் உலோகம் இன்னும் வேகமாகக் கெடும். சொருகு அட்டைகளின் விளிம்புகளுக்கும் இதே சிகிச்சை. பேண்டு சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் சில சொட்டு விட்டு இருபுறமும் திருப்பலாம்.

மற்ற நோய்களை வேகமாகச் சொல்லிவிடலாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஈரப்பசை வற்றும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, எனவே நம் ஊர் மாடி அறைகளில் அவை சீக்கிரமே போகும். ஐப்பசி இடிமழையில் பக்கத்தில் மின்னல் இறங்கினால், ரிசீவரின் முதல் கட்டத்து மாஸ்ஃபெட்டின் மெல்லிய ஆக்சைடு பொத்துக்கொள்ளும். அதற்குப் பின் பலமான ஸ்டேஷன்கள் மட்டும் மங்கலாகக் கசிந்து வரும்.

பெட்டியைக் குணப்படுத்தி முடித்தாலும் ராஜபாளையத்தில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இது நூற்பாலைகளின் ஊர். மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவ்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அந்தக் கூர்மையான வெட்டுகளின் மேலதிர்வுகள் மெகாஹெர்ட்ஸ் வரை பரவும். வீட்டு எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் சூரியத் தகட்டு இன்வெர்ட்டர்களும் இதே வகை. இப்படியான இரைச்சல் எஸ்-7இல் நின்றால் எஸ்-5இல் வரும் நண்பரின் குரல் கேட்காது. ரிசீவர் மேல் பழி விழும். எஃப்டி-101இயை 12 வோல்ட் பேட்டரியிலும் ஓட்டலாம். பேட்டரியில் போட்டுவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் மூலம் வீட்டுக்குள். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் பிடித்துவிடலாம். விழாவிட்டால் தெருவில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுழற்சிக்கு இரண்டு முறை உச்சம் தொடுவதால், பழுதான இன்சுலேட்டரின் பொறி நொடிக்கு 100 முறை கொர்ரென்று உறுமும். அந்த உறுமல் மழைக்குப் பின் குறைந்து வெயிலில் கூடினால், மின்கம்பம் மேல் சந்தேகப்படலாம். ஊர் முழுக்க மின்வெட்டு வரும் சில நிமிடங்கள் இந்தச் சோதனைக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு, உடனே பேட்டரியை மாட்டிக் கேட்டுவிட வேண்டும்.

எதைச் செய்தாலும் சுருள்களுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகுகளை மட்டும் ஆரம்பத்திலேயே திருப்பாதீர்கள். தொழிற்சாலையில் சரிபார்த்து வைத்த அவை தாமாக நகர்வதில்லை. ஒரு பெட்டி திடீரென்று செவிடானால் காரணம் அவையாக இருப்பது மிக அரிது. சிக்னல் ஜெனரேட்டரும் சர்வீஸ் கையேடும் பக்கத்தில் இல்லாமல் நாலைந்தைத் திருப்பிவிட்டால், உண்மையான கோளாறு குணமான பிறகும் பெட்டி மந்தமாகவே இருக்கும்.

பெட்டி நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பேண்டுக்கும் நான்கு எண்களை எழுதிவைப்பது நல்லது: காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் ஆண்டெனாவோடு மீட்டர் எங்கே நிற்கிறது, ஆண்டெனா இல்லாமல் எங்கே நிற்கிறது. காலிபிரேட்டரின் அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பரும் தன் பெட்டிக்கு இதையே எழுதிவைத்திருந்தால், அடுத்த முறை 7 மெகாஹெர்ட்ஸ் அடங்கும்போது இருவரும் இரண்டு பக்கங்களை ஒப்பிட்டு, மூடியைக் கழற்றலாமா என்று தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்துவிடலாம்.